'ரன்' என்னும் சிறுசொல்

(வாலிபர் சங்க ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)





ஆங்கிலத்தைப் பற்றிச் சிறிது பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டார். ஆங்கில இலக்கியம், ஆங்கிலக் கல்வியின் வரலாறு என்று பெரும்பொருள் எதையாவது எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கக்கூடும். நாம் ஒரே ஒரு சொல்லையே கொண்டு வந்திருக்கின்றோம். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றெழுத்து. தமிழில் எழுதினால் இரண்டெழுத்தாய்க் குறைந்துவிடுகிறது. 'ரன்' என்பதே அச்சொல். (இதே ஒலியைச் சிங்களத்திலே சொன்னால் பொன் என்று பொருள். பொன்னுக்கு ஒரு பொருள்தான். ஆங்கில 'ரன்'னுக்கு எத்தனை என்பதை இனிப் பார்ப்போம்.)

மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் "ரன் என்றால் ஓடு" என்று உடனே விடை சொல்லும். சொல்லிவிட்டு, அந்தச் சொல் தனக்குத் தெரியும் என்ற எண்ணத்துடன் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். அந்த எண்ணம் பல்கலைக்கழகம் வரை அப்பிள்ளையைப் பின்தொடர்ந்து வந்து எவ்வளவு இடர் செய்கிறது என்பதைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம்.

அகராதிக்காரர் பட்ட பாட்டிலிருந்து தொடங்குவோம். சாமுவேல் ஜோன்சன் என்ற அறிஞர் 1755ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட அகராதியிலே, 'எடு' என்று நாம் சொல்லும் 'ரேக்' என்ற சொல்லுக்கு 134 பொருள் எழுதினார். அதன் பின் வந்தது ஒக்ஸ்போட் அகராதி. அதன் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முழுநூலும் முற்றுப்பெற்றது 1928இல். பதிப்பாசிரியராய் இருந்து அதற்கே வாழ்நாளை ஈந்த ஜேம்ஸ் மறே 1915இலேயே காலமாகிவிட்டார். 1989இல் அவ்வகராதியின் இரண்டாம் பதிப்பு வந்தபொழுது, மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்த சொல் 'செற்'. அதன் வினைப்பொருள்கள் 430. விளக்கமோ அறுபதினாயிரம் சொற்கள். ஒரு சிறு நூல் அளவு! ஆனால் அந்தப் பெருமை நிலைக்கவில்லை. புதிய பதிப்பிற்காக 'ரன்' என்ற சொல்லைத் திருத்தி எழுதும் பணி பீற்றர் கில்லிவர் என்ற அகராதியாசிரியரிடம் வந்தது. ஒன்பது மாதம் அவர் அந்த ஒரு சொல்லோடு வாழ்ந்தார். முடிவில், வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் அதற்கு உண்டு என்று 2011இல் தெரியவந்தது.

அறுநூற்று நாற்பத்தைந்து! எந்த மனிதனும் இவற்றை மனனம் செய்ய முடியாது. ஆங்கிலேயனும் செய்ததில்லை. ஆனால் ஆங்கிலேயப் பிள்ளை தயங்காமல் அச்சொல்லை ஆளுகின்றது. அது எவ்வாறு என்பதே ஆராயத்தக்கது.

இச்சொல்லின் பிறப்பை நோக்கினால் சிறிது வெளிச்சம் கிடைக்கும். பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோராகிய 'ரின்னன்' என்ற சொல் கால்களால் ஓடுவதையும் குறித்தது, நீர் ஓடுவதையும் குறித்தது. அதன் உறவுச்சொல்லான 'ரின்னன்' ஜேர்மன் மொழியில் இன்றும் நீர் முதலியன வழிந்தோடுவதையே குறிக்கின்றது. ஆகவே இச்சொல்லின் உள்ளே தொடக்கத்திலிருந்தே இரண்டு காட்சிகள் இருந்திருக்கின்றன. ஒன்று விரைகின்ற மனிதன். மற்றது அறாது செல்கின்ற ஆறு. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது மனிதனை மட்டும். ஆற்றை விட்டுவிட்டோம்.

ஆற்றை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூக்கு வடிந்தால் ஆங்கிலத்தில் மூக்கு 'ரன்' செய்கிறது. புதுத் துணியைத் தோய்க்கும்பொழுது சாயம் கழன்று மற்றத் துணியில் ஊறினால் நிறம் 'ரன்' செய்கிறது. காய்ச்சல் காய்ந்தால் நோயாளி வெப்பநிலையை 'ரன்' செய்கிறார். ஒரு குணம் தலைமுறை தலைமுறையாய் வந்தால் அது குடும்பத்தில் 'ரன்' செய்கிறது. தெரு கடற்கரை வரை 'ரன்' செய்கிறது. தெரு ஓர் அடியும் நகர்ந்ததை எவரும் கண்டதில்லை. இடையறாமல் ஒரு வழியே தொடர்ந்து செல்லுதல் என்ற கருத்தே இவற்றிலெல்லாம் ஊடுருவி நிற்கின்றது.

பிறகு இயந்திர யுகம் வந்தது. ஆலைச் சக்கரம் இடையறாது சுழன்றது. அதற்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. ஆறு ஓடுவதற்குச் சொன்ன சொல்லையே சக்கரத்துக்கும் சொன்னார்கள். சக்கரத்துக்குச் சொன்னதை ஆலைக்கும், ஆலைக்குச் சொன்னதை அதை நடத்தும் முதலாளிக்கும் சொன்னார்கள். கடையை நடத்துவதும், பாடசாலையை நடத்துவதும், இறுதியில் ஒரு நாட்டை நடத்துவதும் 'ரன்' ஆயின. புகையிரதம் வந்தது, அதுவும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. கணினி வந்தது, அசையும் உறுப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதனுள் நிரல் 'ரன்' செய்கின்றது. 'செற்' என்ற சொல்லை 'ரன்' முந்தியதற்கு இயந்திரங்களே பெருங் காரணம் என்று கருத இடமுண்டு.

புகையிரதம் என்றவுடன் நம் ஊர் நினைவு வருகிறது. வடக்குப் பாதையிலே 1990இல் நின்றுபோன சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை வந்தது. 1956இல் தொடங்கிய யாழ்தேவியைப் பற்றி அந்த இருபத்துநான்கு ஆண்டும் எம் வீடுகளில் "யாழ்தேவி ஓடின காலம்" என்று பேசியதை இங்குள்ள மூத்தோர் அறிவர். ஓடுதல் என்று அவர்கள் சொன்னது சக்கரத்தின் சுழற்சியையா? இல்லை. ஒழுங்காக, நாள்தோறும், நம்பத்தக்கதாக வந்துபோதலையே சொன்னார்கள். ஆங்கிலத்து 'ரன்' என்பதற்கும் அட்டவணைப் பலகையில் இதே பொருள்தான். பிளாற்பாரத்தில் அசையாமல் நிற்கின்ற வண்டியைக் காட்டி "இது தினமும் ஓடும்" என்று சொன்னால் இரு மொழியிலும் பிழையில்லை.

இனி ஓடாத ஓட்டங்களைப் பார்ப்போம். கிறிக்கெற் ஆட்டத்திலே பந்து எல்லைக்கோட்டை எட்டிவிட்டால் நான்கு 'ரன்'. ஆடியவர் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றாலும் நான்குதான். 2006இல் கொழும்பு எஸ்.எஸ்.ஸி. மைதானத்திலே மஹேல ஜயவர்த்தன தென்னாபிரிக்காவுக்கு எதிராக 374 எடுத்தார். எல்லைக்கோட்டை எட்டியவற்றுக்கெல்லாம் அவர் ஓடியிருக்கத் தேவையில்லை. நாமும் 'ஓட்டம்' என்று மொழிபெயர்த்து, வானொலி வருணனையிலே பழக்கப்படுத்திக்கொண்டோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தும் இங்கே அது வேரூன்றிவிட்டது; ஆட்டம் எல்லோர் கண்முன்னும் நடந்ததால் சொல்லின் பொருளை ஆட்டமே கற்பித்துவிட்டது.

தேர்தலிலோ வேடிக்கை இன்னும் பெரிது. அமெரிக்கர் பதவிக்காக 'ரன்' செய்வார்கள். ஆங்கிலேயர் அதே பதவிக்காக நிற்பார்கள். தமிழரும் நிற்பவர்களே. ஒருவன் ஓட ஒருவன் நிற்க, இருவரும் செய்வது ஒரே காரியம். காலுறையில் நூல் அறுந்து கிழிந்துகொண்டு போவதை அமெரிக்கப் பெண்கள் 'ரன்' என்பார்கள். ஆங்கிலப் பெண்களுக்கு அது ஏணி.

வங்கியின் மேல் 'ரன்' என்பதும் உண்டு. வைப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரே வேளையில் பணத்தை மீட்கச் செல்வதை அவ்வாறு கூறுவர். 2007 செப்ரெம்பரில் இங்கிலாந்தின் நோதேர்ண் றொக் என்ற வங்கிக்கு அது நேர்ந்தது. மக்கள் ஓடவில்லை; மிகப் பொறுமையாக நீண்ட வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச்சிலே அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கியில் ஒரே நாளில் 42 பில்லியன் டொலரை மீட்க முயன்றார்கள். பெரும்பாலார் இருந்த இடத்தைவிட்டு எழும்பவுமில்லை, கைத்தொலைபேசியிலேயே காரியம் நடந்தது. நின்றாலும் இருந்தாலும் பெயர் ஓட்டமே.

நண்பர்களே, தனிச்சொல்லாய் இருக்கும்வரை 'ரன்' ஓரளவு அடங்கி நடக்கும். பின்னால் ஒரு சிறு ஒட்டுச்சொல் வந்து சேர்ந்தவுடன்தான் அது குதிரையாகிறது. 'அவுட்' சேர்ந்தால் தீர்ந்துபோதல். 2022இலே பெற்றோல் தீர்ந்தது, மருந்து தட்டுப்பட்டது, அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கொடுப்பதும் நிறுத்தப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு 'ரன் அவுட்' இல்லாமல் அவ்வாண்டைக் கழித்திருக்க முடியாது. அதே 'ரன் அவுட்' மைதானத்தில் துடுப்பாட்டக்காரனை வெளியேற்றுவது. 'இன்ரு' சேர்ந்தால் வழியில் தற்செயலாய் ஒருவரைச் சந்தித்தல். ஆனால் மதிலில் வண்டியை மோதுவதும் அதுவே. 'டவுன்' சேர்ந்தால் இழித்துப் பேசலாம், வாகனத்தால் வீழ்த்தலாம், மின்கலத்தின் சக்தி குறையலாம். பழுதடைந்த வீட்டையும், களைத்துப்போன உடம்பையும் அதே இரண்டு சொல்லால் குறிக்கலாம். 'ஓவர்' சேர்ந்தால் வாகனம் ஆளை ஏறி மிதிப்பது. ஒரு குறிப்பை விரைவாய் மீட்டுப் பார்ப்பதும் அதுவே.

மிசன் கல்லூரியிலே விவிலிய வகுப்பில் இருந்தவர்களுக்கு இன்னோர் உதாரணம் நினைவிருக்கும். தாவீதின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தில், பாத்திரம் நிரம்பித் ததும்புவதை 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'ரன்', 'ஓவர்' என்ற இச்சொற்களாலேயே கூறுகின்றது. தமிழ்க் கிறித்தவர் இன்று ஓதும் வேதாகமத்தில் அவ்விடத்தில் ஓடுதல் என்ற சொல் இல்லை. வழிதல் என்ற சொல்லே நிற்கின்றது. பாத்திரம் எழுந்து ஓடினால் கேட்பவர் சிரிப்பாரல்லவா? மொழிபெயர்த்தவர் சொல்லைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தார்.

இவ்வளவும் கேட்டபின், "ஆங்கிலம் எவ்வளவு வளமான மொழி! தமிழில் இப்படி உண்டா?" என்று கேட்பாரும் இச்சபையில் இருக்கக்கூடும். உண்டு. தொல்காப்பியர் திரிசொல்லை வகுக்கும்போதே, ஒரு பொருளுக்குப் பல சொல் வருவதையும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதையும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே ஒதுக்கப்பட்டது. ஆறுமுக நாவலர் 1849இலே சென்னை சென்று அந்நிகண்டை உரையோடு அச்சிட்டார் என்பது நீங்கள் அறிந்ததே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நிகண்டு ஒலியொன்றாய் இருப்பவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டும். கூரை ஓடும், ஆமை ஓடும், 'நில்லாதே ஓடு' என்னும் ஏவலும் காதுக்கு ஒன்று. ஆனால் வினையாகிய ஓடுதல் வேறு சொல், பெயராகிய ஓடு வேறு சொல். ஒக்ஸ்போட் அகராதியார் எண்ணிய 645 அப்படிப்பட்டதன்று. ஒரே வினை கிளைவிட்டு வளர்ந்தது.

எங்கள் ஓடுதலும் கிளைவிட்டதுதான். மணிக்கூடு ஓடுகிறது, படம் ஓடுகிறது, நாள் ஓடுகிறது. பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளைக் கண்டதும் "ஒன்றும் ஓடவில்லை" என்கிறோம். இதை ஆங்கிலத்தில் 'ரன்' என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் விளங்காது. "உமக்குக் கார் ஓடத் தெரியுமா?" என்று யாழ்ப்பாணத்தில் கேட்கின்றோம். தமிழகத்தார் 'ஓட்டத் தெரியுமா' என்றே கேட்பர். நாம் காரோடு போட்டியிட்டு ஓடுகின்றோமோ என்று எம்மைப் பகிடி பண்ணுவதும் உண்டு. இவ்விடத்தில் ஒரு பொறி இருக்கின்றது. ஆங்கிலத்தில் ஒருவர் கார் 'ரன்' செய்கிறார் என்றால் அவர் சாரதி என்பது பொருளன்று. எண்ணெய்க்கும் காப்புறுதிக்கும் திருத்தத்துக்கும் செலவு செய்து கார் ஒன்றை வைத்திருக்கின்றார் என்பதே பொருள். எம்முடைய கார் ஓடுதலை அப்படியே ஆங்கிலமாக்கினால், வேலை தேடும் சாரதி தம்மைக் காருக்குச் சொந்தக்காரராக்கி விடுகின்றார்.

இப்பொழுது எமது மனத்தை உறுத்துகின்ற விஷயத்துக்கு வருகின்றோம். உயர்தரப் பரீட்சை வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படித்து, நல்ல பெறுபேறு பெற்று, பல்கலைக்கழகம் புகும் மாணவர்களுக்கு அங்கே எல்லாம் ஆங்கிலமாகின்றது. கலைச்சொற்களால் அவர்கள் துன்பப்படுகின்றார்கள் என்றே வெளியில் இருப்போர் நினைக்கின்றார்கள். அது சரியன்று. 'ஒளித்தொகுப்பு' என்பதற்கு ஆங்கிலச்சொல் எவ்வளவு நீளமானாலும் ஒரே பொருள்தான். ஓர் இரவில் படித்துவிடலாம். வீழ்த்துவன சிறுசொற்களே. ஆய்வுகூடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மோட்டரை 'ரன்' செய் என்பார்கள். இயக்கு என்பது பொருள். வயரைச் சுவரோரமாய் 'ரன்' செய் என்பார்கள். கொண்டுபோ என்பது பொருள். மாதிரியை 'ரன்' செய் என்றால் கருவியில் இட்டுச் சோதி. நேரம் பிந்திவிட்டது என்பதற்கும் அச்சொல்லே.

எமது வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். அவர் பரிசோதனைக்கான ஒழுங்குகளைச் செய்துகொண்டிருந்தபொழுது, பயிற்றுநர், "முதலில் ரன் இட் பை மீ" என்றார். செய்யப்போவதை முதலில் எனக்குச் சொல்லிக் காட்டு, நான் சரிபார்க்கின்றேன் என்பதே அவ்வாசகத்தின் பொருள். மாணவர் ஒவ்வொரு சொல்லையும் அறிந்தவர். 'ரன்' இயக்கு, 'பை மீ' எனக்குப் பக்கத்தில். பயிற்றுநர் பக்கத்தில் நிற்கையில் இயக்கவேண்டும் என்று கொண்டு, பணிவோடு ஆளியைப் போட்டுவிட்டார். நீர் எங்கும் சிதறியது. கூடம் முழுவதும் சிரித்தது. அதில் கெட்டது நீர் அன்று, நீரைத் துடைத்துவிட்டார்கள். அந்த மாணவர் அவ்வருடம் முழுவதும் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் எல்லோரையும்விட இரசாயனத்தில் வல்லவர் அவர். விளங்காத இடத்தில் கேட்டால் மறுபடியும் சிரிப்பார்களே என்று, விளங்கியவர்போல் இருந்துவிட்டார்.

சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று சொல்வதுண்டு. வாள் என்பது பொருள். வாளை வீசுகின்றவர் ஆங்கிலேயரல்லர், நாமே. நகரத்து மிசன் கல்லூரியில் படித்த எம்மைப் போன்றோருக்குச் சிறுசொற்கள் காதுவழியே வந்துவிட்டன. அதில் எமது கெட்டித்தனம் ஒன்றுமில்லை. பாடசாலை வளவில் ஆங்கிலம் கேட்கக் கிடைத்தது, அவ்வளவே. கேட்கக் கிடையாத ஊரில் வளர்ந்தவர்களின் மூளையை அதைக்கொண்டு அளப்பது அநீதி என்றே சொல்லுவோம். பெரியோர்களும் எம்மைப் பொறுத்தருளல் வேண்டும். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பார்ப்பதை விட்டு, அவர்களோடு இருந்து ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பத்தியைச் சேர்ந்து வாசித்தால் எவ்வளவோ உதவியாய் இருக்கும்.

வாலிப அன்பர்களுக்குச் செய்முறையாக ஒன்று. இடப்பக்கம் ஆங்கிலச்சொல், வலப்பக்கம் தமிழ்ச்சொல் என்று கோடு கிழித்த கொப்பிகளில், 'ரன்' போன்ற சொற்களுக்கு இடமில்லை. அச்சொல்லுக்குத் தனியே இரண்டு பக்கம் விடுங்கள். வாசிக்கும்போதும் கேட்கும்போதும் அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். யார் சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் என்பதையும் குறியுங்கள். அடியில் தமிழ்ப்பொருளை ஒரு சொல்லாக எழுதாமல், எங்கள் வீட்டில் அவ்விடத்தில் என்ன சொல்வோம் என்று எழுதுங்கள். 'காய்ச்சல் காயுது' என்று எழுதினாலும் குற்றமில்லை. பதினைந்து வாக்கியம் சேர்ந்தபின் பதினாறாவது புதியதாய் வந்தாலும் பெரும்பாலும் தானே விளங்கும்; ஆறா, சக்கரமா, தீர்ந்துபோதலா என்று மனம் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலேயப் பிள்ளையும் இப்படித்தான் கற்றது. அதற்குக் கொப்பி வேண்டியிருக்கவில்லை, தாயின் வாய் இருந்தது. 'கெற்', 'புற்', 'ரேக்', 'செற்', 'கோ' என்ற ஐந்துக்கும் இவ்வாறு பக்கம் ஒதுக்கினால், கிடைக்கும் பயன் ஆயிரம் பெருஞ்சொற்களைப் பாராயணம் பண்ணுவதிலும் அதிகம் என்பது எமது துணிபு.

சங்க வாசிகசாலையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் இத்தகைய கொப்பிகளை ஒருவர்க்கொருவர் காட்டிப் பேச ஒரு மேசை ஒதுக்கலாமா என்று காரியதரிசி அவர்களிடம் கேட்டிருக்கின்றோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. இச்சபையில் வைத்துக் கேட்டால் மறுக்கமாட்டார் என்ற துணிவில் இதனை இங்கே மறுபடியும் கேட்கின்றோம்.

தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். எமக்கு ஒதுக்கிய இருபது நிமிடம் கடந்துவிட்டது. நேரம் இப்படி மிஞ்சிப்போவதற்கும் ஆங்கிலத்தில் 'ரன் ஓவர்' என்றே பெயர். அந்த ஒட்டுச்சொல்லின் கீழ் இதனைச் சொல்ல மறந்தோமல்லோம், இங்கே சொல்வதற்காகவே வைத்திருந்தோம்.